ஓவியர் பெயர்: 245-இல் மட்டுமா, 700-இலுமா?

நூலகப் பட்டியலில் ஓவியரை எங்கே பதிவது என்று கேட்பவர்களுக்காக. மார்க் (கணினிப் பட்டியலுக்கான பதிவு வடிவம்; அதில் ஒவ்வொரு தகவலுக்கும் எண்ணிட்ட ஒரு புலம் உண்டு) பதிவில் இரு வழிகள் உண்டு: தலைப்புப் பக்கத்தில் உள்ளபடி, நூல் தலைப்புக்கான 245 புலத்தின் 'சி' துணைப்புலத்தில் எழுதுவது, அதோடு 700 புலத்தில் தனிப் பெயராகவும் பதிவது.

உழைப்பு
245: பார்த்து எழுதினால் முடிந்தது.
700: பெயரின் ஏற்கப்பட்ட வடிவத்தைத் தேடி, 'ill' (ஓவியர்) என்ற பங்குக் குறியும் தரவேண்டும்.

தேடல்
245: அச்சில் உள்ள எழுத்துதான். 'மணியம்' என்று தேடினால் 'மணியம் செல்வன்' நூல்களும் சேர்ந்து வரும். தந்தையும் மகனும்! 1950-களில் கல்கி இதழில் பொன்னியின் செல்வனுக்கு முகம் கொடுத்தவர் தந்தை. இருவரையும் கலப்பது எனக்குப் பெரும் வருத்தம்.
700: ஆளுக்கொரு பெயர், ஒவ்வொருவரின் நூல்களும் ஒரே இடத்தில்.

காமிக்ஸ்
இங்கே 700 இல்லாமல் நியாயமே இல்லை. இரும்புக்கை மாயாவியை வரைந்த ஸ்பானியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் பெயர் தமிழ்ப் பதிப்பின் தலைப்புப் பக்கத்தில் இல்லாவிட்டால், 245-இல் அவருக்கு இயல்பான இடமே கிடையாது. வேறு ஆதாரத்தில் உறுதிசெய்து 700-இல் சேர்க்கலாம்.

உள்ளே ஓரிரு வரைபடம் மட்டும் உள்ள பாடநூலுக்கு 245 போதும். சிறுவர் நூல், காமிக்ஸ், படத்தொடர் என்றால் இரண்டும் வேண்டும். சிறுவர் நூல்களுக்கு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் நடைமுறையும் ஓவியரைக் கட்டாயமாகக் கேட்கிறது. ஆள் பற்றாக்குறை என்றால் இந்த வகைகளிலிருந்தே தொடங்குங்கள்.