கே.ஆர்.பி. அணை மீனும், அதோடு திரும்பிவிடுகிறவர்கள் தவறவிடும் காவேரிப்பட்டணமும்

ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கே.ஆர்.பி. அணைதான், அதாவது கிருஷ்ணகிரி அணை. பார்க்கில் பாய் விரித்து, மீன் தின்று, பிள்ளைகளை ஊஞ்சலில் ஆட்டிவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அதே தென்பெண்ணைக் கரையில் கொஞ்சம் கீழே இருக்கிற காவேரிப்பட்டணத்துக்கு யாரும் வண்டியைத் திருப்புவதில்லை. பாலக்கோட்டில் வளர்ந்த எனக்கு அது பஸ் நிற்கிற ஊர், அவ்வளவுதான். தஞ்சாவூரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்த சாக்கில் இரண்டையும் ஒரே நாளில் சுற்றினோம். அணைக்கு ஐந்துக்கு மூன்று ஸ்டார், மீனுக்கு நாலு. பென்னேஸ்வரமடத்துக்கு ஐந்துமே கொடுக்கலாம்.

அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் இருக்கிற பென்னேஸ்வரர் கோயில் இது. சோழர் காலத்து, ஹொய்சாளர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. நாங்கள் போனபோது எங்களைத் தவிர உள்ளே ஒரு குடும்பம் மட்டும் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது. தஞ்சாவூர்க்காரருக்குக் கோயில் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். "கோபுரம் சின்னதா இருக்கே மாப்ள" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார். சுவரில் எழுத்தைப் பார்த்ததும் ஆள் மாறிவிட்டார். செருப்பில்லாத காலோடு சூட்டில் நின்று, விரலை வைத்து எழுத்துக்கூட்டி, கல்வெட்டு ஆரம்பிக்கிற 'ஸ்வஸ்திஸ்ரீ' வரைக்கும் வந்தார். அதற்கு மேல் வண்டி நகரவில்லை. ஆனாலும் அரை மணி நேரம் அந்தச் சுவரை விடவில்லை.

என்னை நிறுத்தியது நடுகற்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமுமே நடுகல் பூமிதான். ஆடுமாடு காக்கிற சண்டையில் செத்தவன், ஊருக்காகச் செத்தவன் என்று வயலோரத்தில் கூட நட்டு வைத்திருப்பார்கள். இங்கே ஒரு கல்லில் வீரன் வாளை ஓங்கியபடி நிற்கிறான். கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. இடுப்பில் குறுவாள். முகம் மட்டும் எண்ணெயும் மஞ்சளும் பட்டுப் பட்டு மழுங்கி, கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. என் பையன் அவன் மாதிரியே கையைத் தூக்கி போட்டோ எடுத்துக்கொண்டான். பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை வைத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். எந்தக் கல் எந்தக் காலம் என்று போகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

அடுத்தது ஊர். பெயரை வைத்துக் காவிரியைத் தேடாதீர்கள், ஓடுவது தென்பெண்ணை. 1767-ல் முதல் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த காவேரிப்பட்டணத்தை ஹைதர் அலி திருப்பிப் பிடித்தார். அப்போது இது கோட்டை ஊர். நாங்கள் நடந்த தெருக்களில் கோட்டைச் சுவர் எதுவும் என் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் நிப்பட்டுக் கடை. தட்டை மாதிரி, கடலையும் பொட்டுக்கடலையும் துருத்திக்கொண்டிருக்கிற, உடைத்தால் சத்தம் வருகிற நிப்பட்டு. நாங்கள் வாங்கிய கடையில் சுடச்சுட எடுத்துக் காகிதத்தில் கொட்டினார்கள். மாமியார் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "காரம் சரியா இருக்கு, பெருங்காயம் கொஞ்சம் கம்மி" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய சர்டிபிகேட். சூடு ஆறாமல் பாக்கெட் கட்டச் சொல்லாதீர்கள், நமுத்துப்போகும்.

மாம்பழ சீசனில் போனால் ரோடெல்லாம் லோடு வண்டிதான். கூழ் ஃபேக்டரிகளுக்குப் போகிற பெங்களூரா காய். சாப்பிட வேண்டும் என்றால் செந்தூராவைக் கேட்டு வாங்குங்கள்.

மதியத்துக்கு அணை. 1957-ல் காமராஜர் திறந்தது, முழுக் கொள்ளளவு உயரம் 52 அடி. மேட்டூரைப் பார்த்த கண்ணுக்கு இது சின்னதாகத்தான் தெரியும். 2017 நவம்பரில் முதல் மதகின் ஷட்டர் உடைந்து, தேக்கிய தண்ணீர் வீணாகப் போன அணை இதுதான். தண்ணீரைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்த ஆறு பெங்களூரு கழிவைச் சுமந்துகொண்டு வருகிறது. மேலே ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் போன அன்று இங்கே நுரை இல்லை, ஆனால் மதகுப் பக்கம் ஒரு வாடை இருந்தது. பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

மீன் இந்தத் தண்ணீரில் வளர்ந்ததா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். முதலில் நின்ற கடையில் ஆள் பதில் சொல்லவில்லை. ஏற்கெனவே சிவப்பு மசாலா பூசி அடுக்கிய துண்டுகளைக் காட்டி "எது வேணும்ணா" என்றார். சட்டி எண்ணெய் கறுத்துப்போயிருந்தது, நகர்ந்துவிட்டோம். நாலு கடை தள்ளி ஒரு அக்கா முழு மீனாக வைத்திருந்தார். "ஜிலேபி மீனு அணையில புடிச்சது, கட்லா வெளிய இருந்து வந்தது, எது வேணும்னு நீயே பாத்துக்க தம்பி" என்று வெளிப்படையாகச் சொன்னார். செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னோம், காட்டினார். கட்லாவே வாங்கினோம். துண்டின் இரண்டு பக்கமும் கத்தியால் சாய்வாக நாலு கீறல் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் இடித்த பூண்டும் கலந்த மசாலாவைக் கீறலுக்குள் விரலால் அழுத்தித் தேய்த்தார். சட்டியில் முக்காமல் தோசைக்கல்லில் போட்டு, தோல் மொறுமொறுப்பாகும் வரை திருப்பவே இல்லை. மேலே வெங்காயம், எலுமிச்சை. விலையை முதலிலேயே பேசிவிடுங்கள், எடை போட்ட பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

பார்க் சுமார். நிழல் நன்றாக இருக்கிறது. புல் மேல் பிளாஸ்டிக் தட்டைப் போட்டுவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்ல. முக்கியமான ஒன்று: அணையில் தண்ணீர் அதிகமாகத் திறந்தால் பார்க்குக்குப் போகிற தரைப்பாலம் மூழ்கிவிடும், ஆட்களை விடமாட்டார்கள். மழைக்காலத்தில் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கால் நன்றாக இருப்பவர்கள் இன்னொரு நாள் விடியற்காலையில் கிருஷ்ணகிரி சையத் பாஷா மலை ஏறலாம். 1791-ல் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை ஏறப் பார்த்து முடியாமல் திரும்பிய கோட்டை அது. மாமியார் முட்டியை நினைத்து நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. படகு வேண்டும் என்று பையன் அடம்பிடித்ததால் அவதானப்பட்டி ஏரியில் ஒரு சுற்று. பெடல் மிதித்தது நான்தான்.

பஸ்ஸில் வருகிறவர்கள் தர்மபுரி – கிருஷ்ணகிரி வண்டியில் ஏறும்போதே காவேரிப்பட்டணம் ஊருக்குள் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பைபாஸில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து ஆட்டோதான். ஊரிலிருந்து பென்னேஸ்வரமடத்துக்கும் ஆட்டோ பிடிப்பதே சுலபம். போக, வர, காத்திருக்க என்று மொத்தமாகப் பேசிக்கொள்ளுங்கள். அங்கே திரும்பி வர வண்டி கிடைப்பது கஷ்டம்.