பல்லவனும் இரண்டு மெட்ரோ அட்டைகளும்: பத்து மார்கழி அனுபவம்

நாங்கள் காரைக்குடியில் பலகாரம் போட்டுக் கொடுக்கிறவர்கள். தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம், கைமுறுக்கு எல்லாம் ஆர்டர் வாங்கி வீட்டிலேயே செய்கிறோம், நானும் என் வீட்டுக்காரரும், உதவிக்கு இரண்டு பெண்கள். தீபாவளிக்கு அடுப்பு பற்ற வைத்தால் அப்புறம் கார்த்திகைக் கல்யாணங்கள், அதற்குப் பின்னால் பிள்ளையார் நோன்பு என்று அணையாமல் ஓடும். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கில் வருகிற நோன்பு என்பதால் சில வருஷம் டிசம்பர் கடைசியில் வரும், சில வருஷம் ஜனவரி தொடக்கத்தில். வெளிநாட்டில் இருக்கும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்கள் ஊருக்கு வரும் நேரமும் அதுதான், எல்லா வீட்டுக்கும் டின் டின்னாகப் பலகாரம் வேண்டும். மார்கழியில் கல்யாணம் இல்லை, பொங்கல் ஆர்டர் ஜனவரி இரண்டாம் வாரம்தான் சூடு பிடிக்கும். ஆக, நோன்புக்கு முன்னாலோ பின்னாலோ கிடைக்கிற ஐந்தாறு நாள்தான் எங்கள் வருஷ விடுமுறை. அந்த நாட்களில் 2014 முதல் சென்னை போய் வருகிறோம். வெள்ளம் வந்த 2015, கொரோனா காலமான 2020 இரண்டையும் தள்ளிவிட்டால் பத்துப் பயணம் ஆகிவிட்டது. எதில் போனோம், எது ஒத்துவந்தது, எது வரவில்லை என்று எங்களைப் போலச் சின்ன ஊரிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

முதல் தடவை ஒரு ஆம்னி பஸ்ஸில் போனோம். விடியற்காலை மூன்றரை மணிக்குப் பெருங்களத்தூர் பக்கம் பைபாஸில் இறக்கிவிட்டு, வண்டி இதற்கு மேல் போகாது என்றார்கள். பனியில் நான், அவர், ஒரு முறுக்கு டின். வந்த ஆட்டோ கேட்ட தொகை எங்கள் இரண்டு பேர் பஸ் டிக்கெட்டை விட அதிகம். வடபழனியில் நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குத் தலை கிறுகிறுத்தது, அன்று முழுவதும் படுத்தேதான் கிடந்தேன். அந்தத் தடவை எடுத்த மூன்று நாள் விடுமுறையில் ஒரு நாள் அப்படிப் போய்விட்டது.

அதற்கப்புறம் பல்லவன் எக்ஸ்பிரஸ்தான். திருச்சியோடு நின்றுகொண்டிருந்த வண்டியை 2013-ல் காரைக்குடி வரை நீட்டினார்கள், எங்களுக்கு அது பெரிய வரம். காலை ஐந்து மணி சொச்சத்துக்கு ஏறினால் மதியத்துக்குள் எழும்பூர். பகல் வண்டியா, ஒரு நாள் வீணாகுமே என்று அவர் முதலில் தயங்கினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று மாதம் எண்ணெய்ப் புகையில் நின்ற பிறகு, ஏழு மணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதே எனக்கு விடுமுறையின் முதல் பாதி. புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடுவோம். விருத்தாசலம் தாண்டும் வரை அவர் தூங்குவார், நான் வயலைப் பார்த்துக்கொண்டே வருவேன். திரும்பும்போதும் அதே வண்டிதான், பிற்பகல் எழும்பூரில் ஏறி இரவு பத்து மணிக்கு மேல் ஊர். கடைசி நாள் காலையிலும் ஒரு வேலை முடித்துக்கொள்ள முடிகிறது.

முன்பதிவுதான் இப்போது கொஞ்சம் சிரமம். முன்பு 120 நாளுக்கு முன்னாலேயே எடுக்கலாம், ஆகஸ்ட் கடைசியில் வேலை இல்லாத நேரத்தில் நிதானமாகப் போட்டுவிடுவோம். 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாக்கிவிட்டார்கள். டிசம்பர் கடைசிக்கு அக்டோபர் கடைசியில் போட வேண்டும், அதாவது எங்களுக்குத் தீபாவளி ஆர்டர் மலையாகக் குவிந்து கிடக்கும் நேரத்தை ஒட்டி. காலை எட்டு மணிக்குப் பதிவு திறக்கும். சட்டியில் தேன்குழல் வெந்துகொண்டிருக்கும், உதவிக்கு வரும் பெண்களில் ஒருத்தி கரண்டியை வாங்கிக்கொள்வாள், இன்னொருத்தி, "அக்கா எட்டு ஆயிருச்சு" என்று கத்துவாள், நான் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுப்பேன். அந்த இரண்டு பேர் இல்லாவிட்டால் எங்களுக்கு டிக்கெட்டும் இல்லை, பயணமும் இல்லை. தத்கலை நம்பி யாரும் இருக்க வேண்டாம், 2025 ஜூலை முதல் இணையத்தில் தத்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பும் வேண்டும், அதை முன்கூட்டியே முடித்து வையுங்கள்.

பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றால், 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில் இறங்கி மாநகரப் பேருந்து பிடித்து உள்ளே வர வேண்டும் என்பதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி மெட்ரோ. இதைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும். 2018 வரை சென்னையில் நாங்கள் எங்கே போனாலும் சேர்ந்துதான் போவோம். ஆசையினால் மட்டும் இல்லை, வேறு வழி கிடையாது. ஆட்டோவில் பேரம் பேச அவர் வேண்டும், வழி கேட்க அவர் வேண்டும். அவருக்குப் புத்தகங்களும் பாரிமுனையும் பிடிக்கும், எனக்குக் கச்சேரி. அவருக்காக நான் கால் வலிக்க நடப்பேன், எனக்காக அவர் சபாவில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 2018 மே மாதம் எழும்பூருக்கு மெட்ரோ வந்தது, 2019 பிப்ரவரியில் அண்ணா சாலைப் பகுதியும் திறந்தது. அந்த டிசம்பரில் அவர்தான் சொன்னார், "நீ கச்சேரிக்குப் போ, நான் ஆண்டர்சன் தெருவில் அட்டைப் பெட்டி விலை கேட்டுட்டு வர்றேன், சாயங்காலம் ஆலந்தூர் பிளாட்பாரத்தில் பார்ப்போம்." அவர் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்க வேண்டும், நான் ஏஜி-டிஎம்எஸ். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் சென்னையில் நான் தனியாக ஒரு இடத்துக்குப் போனது அன்றுதான். வரைபடத்தை நான்கு தடவை பார்த்தேன், கை வியர்த்தது. இறங்கிப் படியேறி வெளியே வந்ததும் அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டு, "வந்துட்டேங்க" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது அது பழகிவிட்டது. காலையில் ஒன்றாகக் கிளம்புவோம், அவரவர் வழியில் பிரிவோம், மாலை ஆலந்தூரில் சேர்ந்து பச்சை வழித்தட வண்டியில் வடபழனி. கட்டணம் பத்து ரூபாயிலிருந்து அதிகபட்சம் 50 ரூபாய் வரை. அட்டை விஷயத்தில் ஒன்று: ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையை அவர் தேய்த்து உள்ளே போய், எனக்கு நீட்டினார், கதவு திறக்கவில்லை. அந்த அட்டை ஏற்கெனவே பயணத்தில் இருப்பதாகத்தான் இயந்திரம் கணக்கு வைத்துக்கொள்ளும். பழைய மெட்ரோ அட்டையிலிருந்து சிங்காரச் சென்னை அட்டைக்கு மாறியாகிவிட்டது, 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்திலும் அது செல்லும். அங்கே அவருக்குத்தான் அது தேவை, சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் கிடையாது. டிஎம்எஸ்ஸிலிருந்து மயிலாப்பூர் பக்கம் போக எனக்கு அது மிகவும் உதவுகிறது.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு: மாலைக் கச்சேரி டிக்கெட்டுக்கு அலைய வேண்டாம். பல சபாக்களில் பிற்பகல் கச்சேரிக்குக் கட்டணம் இல்லை. இளம் பாடகர்கள் உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள், முன் வரிசையிலேயே இடம் கிடைக்கும். மிருதங்கக்காரர்கள் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது மட்டும் தயவுசெய்து எழுந்து கேன்டீனுக்குப் போகாதீர்கள், வாசிக்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். கேன்டீனில் கீரை வடை நான் கட்டாயம் சாப்பிடுவேன். எண்ணெய் குடிக்காமல் சுட்டிருப்பார்கள், தொழில் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மயிலாப்பூரில் மாடவீதிக் கோலங்களை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

நந்தனத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கும் மெட்ரோ நிலையம் பக்கம்தான், பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு. தொடங்கும் தேதி மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும். 2024-ல் டிசம்பர் 27-லேயே தொடங்கியது, அவர் இரண்டு நாள் அங்கேயே இருந்தார். தி.நகர் போனால் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை 2023-ல் திறந்த ஆகாய நடைபாதையில் போங்கள், ரங்கநாதன் தெரு நெரிசலில் பையைப் பிடித்துக்கொண்டு நீந்த வேண்டியதில்லை. கடைக்கு நாங்கள் அரை நாளுக்கு மேல் ஒதுக்குவதில்லை.

உதவிக்கு வரும் பெண்கள் இரண்டு பேரும் இன்னும் மெட்ரோவைப் பார்த்ததில்லை. போன தடவை நான் திரும்பி வந்ததும் பூமிக்கு அடியில் வண்டி எப்படி ஓடும், மூச்சு முட்டாதா என்று ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே முறுக்குச் சுற்றினார்கள். வருகிற மார்கழிக்கு நான்கு சீட்டாகப் போட வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். முன்பதிவு அன்று எட்டு மணிக்குக் கரண்டியை யார் பிடிப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.