நெஞ்சுக்குள்ள கட்டி, சின்ன ஓட்டை ஆபரேஷன், மயக்க டாக்டர்: இந்தத் தடவை ஊர்ப் பயணத்துல பார்த்தது

இந்தத் தடவை ஊருக்கு வந்த லீவு முக்கால்வாசி ஆஸ்பத்திரியிலயே போச்சு. சித்திக்கு நெஞ்சுக்குள்ள கட்டின்னு போன்லயே சொல்லியிருந்தாங்க, ஆனா என்ன கட்டி, எங்க இருக்கு, எப்படி எடுப்பாங்கன்னு வீட்ல யாருக்கும் சரியா சொல்லத் தெரியல, அதனால நான் வந்து எறங்கினதும் முதல் வேலையா எல்லா ரிப்போர்ட்டையும் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துக்கிட்டு அவங்க கூடவே சுத்துனேன். அப்பா அம்மா, சொந்தக்காரங்க ஆபரேஷனுக்காக வெளிநாட்டுல இருந்து லீவு போட்டு ஓடி வர்றவங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்கு உதவும்னுதான் இவ்ளோ விவரமா எழுதறேன். ஊர் பேரோ ஆஸ்பத்திரி பேரோ போடல, ஏன்னா இதெல்லாம் எந்த ஊர்லயும் எந்த ஆஸ்பத்திரியிலயும் கேட்க வேண்டிய விஷயங்கள்.

முதல்லயே சொல்லிடறேன். இந்த மாதிரி ஆபரேஷன்னா எல்லாரும் சர்ஜன் யாரு, எத்தனை ஓட்டை போடுவாரு, தழும்பு தெரியுமா, எப்ப வீட்டுக்கு விடுவாங்கன்னுதான் கேட்கறோம். மயக்கம் குடுக்கற டாக்டர் யாருன்னு யாரும் கேட்கறதே இல்ல. நெஞ்சுக்கு நடுவுல இருக்கற கட்டிக்கு அவங்களைத்தான் முதல்ல பார்க்கணும்னு நான் இப்ப நம்பறேன்.

சித்திக்கு ஆரம்பிச்சது கண்ணுல. சாயங்காலம் ஆனா ஒரு பக்க இமை எறங்கிடும், டிவி பார்த்தா ரெண்டு ரெண்டா தெரியும், சாப்பிடும்போது பாதியில தாடை அசந்து போயிடும். கண் டாக்டர்கிட்ட போயிருக்காங்க, அவர் நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பியிருக்காரு. அங்க ஒரு சின்ன டெஸ்ட் பண்ணியிருக்காங்க, ஐஸை துணியில சுத்தி மூடின இமை மேல ரெண்டு நிமிஷம் வச்சு எடுத்தா இமை நல்லா மேல ஏறியிருக்கு, சித்தி அதை இன்னும் ஆச்சரியமா சொல்றாங்க. மயஸ்தீனியா கிராவிஸ்னு பேரு, நரம்பு தசைக்கு அனுப்பற சிக்னலை நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தடுத்துடற வியாதி. ரத்தத்துல அந்த ஆன்டிபாடியும் பாசிட்டிவ். இந்த வியாதி இருக்கறவங்கள்ல 100 பேருக்கு 10, 15 பேருக்கு நெஞ்சுக்குள்ள இருக்கற, எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்ட தைமஸ் சுரப்பியில கட்டி இருக்குமாம், அதனால கண்டுபிடிச்ச உடனே நெஞ்சு சிடி எடுக்கறது வழக்கம். எடுத்ததுல நடு நெஞ்செலும்புக்குப் பின்னாடி, இதயத்துக்கு முன்னாடி, அஞ்சு சென்டிமீட்டர் சைஸ்ல ஒரு கட்டி.

ரெண்டு நுரையீரலுக்கும் நடுவுல இருக்கற இடத்துலதான் இதயம், பெரிய ரத்தக்குழாய், மூச்சுக்குழாய், உணவுக்குழாய் எல்லாம் நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கு. அதுல எந்தப் பகுதியில கட்டி இருக்குங்கறதை வச்சே டாக்டருங்க பாதி ஊகிச்சுடறாங்க. முன்பக்கம்னா தைமோமா (தைமஸ்ல வர்ற கட்டி), லிம்ஃபோமா (நிணநீர் செல்லுல வர்ற கேன்சர்), டெரடோமா மாதிரி ஜெர்ம் செல் (கரு உயிரணு) கட்டி, இல்ல கழுத்துல இருந்து எறங்கின தைராய்டு. பின்னாடி முதுகெலும்பு ஓரம்னா பெரும்பாலும் நரம்புல இருந்து வர்ற கட்டி. சின்ன வயசு ஆம்பளைங்கன்னா ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜின்னு ரெண்டு ரத்த டெஸ்ட் கண்டிப்பா பார்ப்பாங்க, ஏன்னா அது ஏறியிருந்து கேன்சர் வகை ஜெர்ம் செல் கட்டின்னா பெரும்பாலும் முதல்ல கீமோதான், கத்தி அப்புறம்தான்.

நாங்க ஊசி போட்டு சதை எடுத்து பாத்துடலாமேன்னு கேட்டோம். சர்ஜன் வேணாம்னுட்டாரு. முழுசா எடுத்துட முடியற தைமோமான்னு தோணும்போது ஊசி குத்த வேண்டியதில்ல, மேல இருக்கற உறை உடைஞ்சு செல்லு நெஞ்சுக்குள்ள சிந்திடக் கூடாதுங்கறது முக்கியம்னாரு. லிம்ஃபோமான்னு சந்தேகம் வந்தா அப்படியே தலைகீழ், அப்ப பயாப்சி எடுத்தே ஆகணும், ஆபரேஷன் தேவைப்படாது, மருந்துலயே கரையும்.

இப்ப மயக்க டாக்டர் விஷயத்துக்கு வர்றேன். ஆபரேஷனுக்கு முன்னாடி தனியா அப்பாயின்ட்மென்ட் போட்டு அனுப்பினாங்க. நான் பிபி, சுகர், ஈசிஜி பார்த்து கையெழுத்து போட்டு அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன். அந்த மேடம் முதல்ல ஃபைலையே தொடல. சித்தியை கட்டில்ல ஏத்தி, தலகாணிய உருவிட்டு, மல்லாக்க படுக்கச் சொன்னாங்க. "அப்படியே படுத்திருங்கம்மா, எதுவும் பேச வேணாம்"னு சொல்லிட்டு பக்கத்துல நின்னு கழுத்து நரம்பையும் மூச்சையும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் இடது பக்கம், வலது பக்கம் திரும்பச் சொன்னாங்க. படுத்தா இருமல் வருதா, மூச்சு அடைக்குதா, வீட்ல எத்தனை தலகாணி வச்சு தூங்கறீங்க, எந்தப் பக்கம் படுத்தா நிம்மதியா இருக்கு, குனிஞ்சா முகம் உப்புதா, எப்பயாச்சும் மயங்கி விழுந்தீங்களா, இப்படி ஒண்ணொண்ணா கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் சிடிய கம்ப்யூட்டர்ல போட்டு மூச்சுக்குழாய் எந்த இடத்துல எவ்ளோ அகலம்னு அளந்து பார்த்தாங்க.

ஏன் மேடம் இவ்ளோ கேட்கறீங்கன்னு நான் கேட்டேன், அவங்க சொன்னது அப்படியே மனசுல நிக்குது. முழிச்சிருக்கும்போது நம்ம மூச்சுத் தசை நெஞ்சை விரிச்சு இழுக்குது, அந்த இழுப்புதான் மூச்சுக்குழாயைத் திறந்து வச்சிருக்கு. மயக்கம் குடுத்து, தசையைத் தளர்த்தி, மல்லாக்க படுக்க வச்சா அந்த இழுப்பு போயிடும், கட்டியோட எடை முழுக்க மூச்சுக்குழாய் மேலயும் பெரிய ரத்தக்குழாய் மேலயும் எறங்கும். தொண்டையில ட்யூப் போட்டாலும் ட்யூப் முடியற இடத்துக்குக் கீழ நெருக்கிச்சுன்னா காத்து போகாது. இல்லன்னா மூச்சு நல்லா போகும், ஆனா இதயத்துக்கு ரத்தம் திரும்பி வராம பிபி விழுந்துடும். மூச்சுக்குழாய் பாதிக்கு மேல நெருங்கியிருந்தா, படுக்கவே முடியலன்னா, அதெல்லாம் ஆபத்தான கேஸ்னு சொன்னாங்க. குழந்தைங்களுக்கு இன்னும் கவனம் வேணும், அவங்க மூச்சுக்குழாய் ரொம்ப மென்மையா இருக்கும்.

அந்த மாதிரி கேஸ்ல முழு மயக்கமே குடுக்காம தவிர்க்கத்தான் முதல்ல பார்ப்பாங்களாம். தவிர்க்க முடியலன்னா, நோயாளி தானா மூச்சு விடறதை நிறுத்தாம மெதுவா மயக்கம் ஏத்துவாங்க, தசை தளர்த்தற மருந்தை தள்ளிப் போடுவாங்க, இல்ல தொண்டையை மரத்துப் போக வச்சு முழிச்சிருக்கும்போதே கேமரா வச்சு ட்யூப் எறக்குவாங்க. மூச்சுக்குழாய்க்குள்ள விட்டுத் திறந்து வைக்கற கெட்டியான இரும்புக் குழாய், ப்ராங்கோஸ்கோப், கைக்கெட்டற தூரத்துல இருக்கணும், நெருக்கம் வந்தா உடனே ஒருக்களிச்சோ குப்புறவோ திருப்பிப் போட ஆளு இருக்கணும். தலை, கையில இருந்து இதயத்துக்கு வர்ற பெரிய சிரை அடைபட்டிருந்தா ட்ரிப்ஸ் ஊசியை கைல போடாம கால்ல போடணும், கைல போட்ட மருந்து இதயத்துக்கு சரியா போய்ச் சேராது. ரொம்ப மோசமான கேஸ்ல மயக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தொடை ரத்தக்குழாய்ல குழாய் போட்டு, உடம்புக்கு வெளிய இருந்து ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏத்தற எக்மோ மெஷினை ரெடியா வச்சிடுவாங்க. மெஷின் பக்கத்து ரூம்ல இருக்குன்னு சொல்றதுல பிரயோஜனம் இல்ல, மூச்சு நின்னதுக்கப்புறம் மெஷினை மாட்டறதுக்குள்ள மூளைக்கு ஆக்சிஜன் போகாம நேரம் தாண்டிடும்னாங்க.

இது வெறும் பேச்சு இல்லன்னு வார்டுலயே பார்த்தேன். பக்கத்து பெட்ல ஒரு சின்னப் பையன், நெஞ்சுல பெரிய கட்டி, படுக்கவே முடியாம சாய்ஞ்சு உட்கார்ந்தே தூங்குவான். அவனை தியேட்டருக்கே கொண்டு போகல, உட்கார்ந்த நிலையிலயே கழுத்துல இருந்த நெறிகட்டியில மரத்துப் போற ஊசி போட்டு சாம்பிள் எடுத்தாங்க. அவங்க அப்பா "ஏன் டாக்டர் முழுசா மயக்கம் குடுத்து ஒரேடியா பண்ணக்கூடாதா"ன்னு கெஞ்சினாரு, பாவம், பையன் வலிக்கு பயப்படறானேன்னு அவருக்கு. டாக்டர் பொறுமையா உட்கார்ந்து படம் வரைஞ்சு காட்டி புரிய வச்சாரு. இந்த ஆஸ்பத்திரி மேல எனக்கு மரியாதை வந்தது அந்த நிமிஷத்துலதான்.

சித்திக்கு நல்லவேளை மூச்சுக்குழாய் நெருங்கல, மல்லாக்க நல்லாவே படுத்தாங்க. ஆனா மயஸ்தீனியா இருக்கறதால வேற கணக்கு. ரோகுரோனியம் மாதிரி தசை தளர்த்தற மருந்து இவங்களுக்கு கொஞ்சம் குடுத்தாலே ரொம்ப நேரம் நிக்கும், அப்புறம் மூச்சுத் தசை எழுந்திரிக்கலன்னா வெண்டிலேட்டர்லயே கெடக்கணும். அதனால மணிக்கட்டுல நரம்பைத் தூண்டிப் பார்க்கற மானிட்டர் மாட்டி, அளந்து அளந்து குடுத்து, கடைசியில சுகமாடெக்ஸ்னு ஒரு மருந்து போட்டு முறிச்சிடுவோம்னாங்க. மயஸ்தீனியாவுக்குப் போடற பிரிடோஸ்டிக்மின் மாத்திரை எத்தனை மணிக்கு போடணும்னு கூட எழுதிக் குடுத்தாங்க. முன்னாடி வேற ஒரு இடத்துல இருமலுக்கு எழுதிக் குடுத்திருந்த லீவோஃப்ளாக்சசின் சீட்டைப் பார்த்ததும் மேடத்துக்கு முகமே மாறிடுச்சு. அந்த வகை ஆன்டிபயாடிக், அசித்ரோமைசின், ஜென்டாமைசின், ட்ரிப்ஸ்ல ஏத்தற மெக்னீசியம், இதெல்லாம் இந்த வியாதியை கெளப்பி விட்டுடும்னு சொல்லி ஃபைல் மேலயே சிவப்புல எழுதி வச்சாங்க. வீட்ல மயஸ்தீனியா யாருக்காவது இருந்தா இந்த லிஸ்ட்டை பர்ஸ்ல வச்சுக்கோங்க, தயவு செஞ்சு.

ஆபரேஷன் விஷயம் சுருக்கமா சொல்லிடலாம். விலா எலும்புக்கு நடுவுல மூணு சின்ன ஓட்டை, ஒண்ணுல கேமரா, மத்த ரெண்டுல கருவி. ரெண்டு குழல் சேர்ந்த ஸ்பெஷல் ட்யூப் போட்டு ஒரு பக்க நுரையீரலை சுருக்கிட்டு மறு பக்கத்துலயே மூச்சு குடுப்பாங்க, அப்பதான் உள்ள இடம் கெடைக்கும். ட்யூப் சரியான இடத்துல இருக்கான்னு ஆளைத் திருப்பிப் படுக்க வச்சதும் மறுபடி கேமரா விட்டுப் பார்க்கணும், நகர்ந்துடுமாம். உதரவிதானத்துக்குப் போற நரம்பு இதய உறை ஓரமா ஓடுது, அது தெரியாம வெட்டுப்பட்டா மூச்சு பாதிக்கும், மயஸ்தீனியா ஆளுக்கு அது ரெட்டை அடி. கட்டியை சுத்தியிருக்கற கொழுப்போட தைமஸையும் முழுசா எடுத்து ஒரு பைக்குள்ள போட்டு பையோட வெளிய இழுப்பாங்க. 1936ல ஆல்ஃபிரெட் பிளாலாக்னு ஒரு அமெரிக்க சர்ஜன் நெஞ்செலும்பைப் பிளந்து மயஸ்தீனியா இருந்த ஒரு சின்ன வயசுப் பொண்ணுக்கு இதை எடுத்தாரு, அதுல இருந்துதான் இந்த வைத்தியம் சூடு பிடிச்சது. 1990கள்ல கேமரா வந்ததுக்கப்புறம்தான் இப்படி விலாப் பக்கம் சின்ன ஓட்டை வழியா எடுக்கற வழி வந்துச்சு.

கன்சென்ட் பேப்பர்ல "தேவைப்பட்டால் நெஞ்செலும்பைத் திறந்து செய்ய சம்மதம்"னு ஒரு வரி இருந்துச்சு, சித்தப்பா அதைப் பார்த்து கை நடுங்கி பேனாவை வச்சுட்டாரு. சர்ஜன் சொன்னாரு, "அய்யா, ரத்தக்குழாய் கிழிஞ்சாலோ கட்டி ஒட்டியிருந்தாலோ நான் ஓட்டையிலயே பிடிவாதமா பண்ணிட்டிருக்கக் கூடாது, உடனே திறக்கணும், அதுக்குத்தான் இந்த கையெழுத்து." அதைக் கேட்டப்புறம்தான் போட்டாரு. திறந்து பண்ண மாட்டோம்னு அடிச்சு சொல்ற இடத்தை நான் நம்ப மாட்டேன்.

தியேட்டர் வாசல்ல தகவல் சொல்ற விஷயத்துல இந்த ஆஸ்பத்திரி மேல எனக்கு வருத்தம் உண்டு. போர்டுல "நடைபெறுகிறது"ன்னு மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு, பல மணி நேரம் ஒரு ஆள் வந்து ஒரு வார்த்தை சொல்லல. உள்ள அவ்ளோ அக்கறையா வேலை செய்யறவங்க வெளிய உட்கார்ந்திருக்கறவங்களுக்கு ஒரு நர்ஸை அனுப்பி நல்லா போகுதுன்னு சொல்ல வைக்கலாம்.

முடிஞ்சு டேபிள்லயே ட்யூபை எடுத்துட்டாங்க, ராத்திரி ஐசியூல வச்சாங்க. நான் உள்ள போனப்ப ஒரு நர்ஸ் சித்திகிட்ட "ஒரே மூச்சுல ஒண்ணுல இருந்து எண்ணுங்கம்மா"ன்னு சொல்லிட்டிருந்தாங்க. எவ்ளோ தூரம் எண்ணறாங்கங்கறதை வச்சே மூச்சுத் தசை எப்படி இருக்குன்னு தெரிஞ்சுடுமாம். முதல்ல பதினஞ்சோட நின்னுது, விடியறதுக்குள்ள இருபத்தஞ்சு தாண்டிட்டாங்க, ஒவ்வொரு தடவையும் சார்ட்ல எழுதினாங்க. குரல் மூக்கால வருதா, எச்சில் முழுங்க முடியுதா, தலையைத் தூக்கி நிறுத்த முடியுதா, இதெல்லாம் கூடவே பார்த்தாங்க. முதுகுப் பக்கம் தசைக்குள்ள மரத்துப் போற மருந்து குடுத்திருந்ததால வலி தாங்கற மாதிரிதான் இருந்துச்சு. வலி அடங்கினாத்தான் ஆழமா மூச்சு இழுப்பாங்க, இருமுவாங்க, சளி தேங்காது. மூணு பந்து இருக்கற மூச்சுப் பயிற்சிக் கருவியை மணிக்கு மணி இழுக்க வச்சாங்க, ஊதக்கூடாது இழுக்கணும்னு வார்டுல பாதிப் பேருக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். நெஞ்சுல போட்ட குழாய் வந்து சேர்ற ட்ரெயின் பாட்டிலை எப்பவும் நெஞ்சுக்குக் கீழயே வைக்கணும், குமிழ் வந்தா காத்து கசியுதுன்னு அர்த்தம், அதையும் நர்ஸ் காட்டிக் குடுத்தாங்க.

வெளிநாட்டுல இருந்து வந்து ஆபரேஷன் பண்ணிட்டு திரும்பறவங்களுக்கு ஒரு விஷயம். நெஞ்சுக்குள்ள காத்து தங்கியிருந்தா ஃப்ளைட் மேல போகும்போது அது விரியும், அதனால நுரையீரல் முழுசா விரிஞ்சிருக்குன்னு எக்ஸ்ரேல பார்த்து சர்ஜன் எழுதிக் குடுக்காம டிக்கெட் போடாதீங்க. கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோட நிக்காம சிடி ஸ்கேன் படங்கள் இருக்கற டிஸ்க், பயாப்சி ரிப்போர்ட், மயக்கம் குடுத்த ரெக்கார்ட் எல்லாத்தையும் கேட்டு வாங்குங்க, அடுத்து எந்த நாட்டுல எந்த ஆபரேஷன் வந்தாலும் அங்க இருக்கற மயக்க டாக்டர் முதல்ல தேடறது அதைத்தான்.

பயாப்சி தைமோமான்னு வந்துச்சு, உறைக்குள்ளயே இருக்கு, ஓரம் சுத்தமா இருக்கு, அதனால ரேடியேஷன் வேணாம்னு சொல்லிட்டாங்க. கட்டியை எடுத்துட்டதால இமை உடனே ஏறிடாது, மயஸ்தீனியா அடங்க மாசக்கணக்கு, சில பேருக்கு வருஷக்கணக்கு ஆகும், மாத்திரையை சித்தி தானா நிறுத்தக்கூடாதுன்னு நரம்பு டாக்டர் ரெண்டு தடவை சொன்னாரு. தைமோமா பல வருஷம் கழிச்சும் திரும்ப வர்ற ரகம்ங்கறதால ஸ்கேன் தொடர்ந்து எடுக்கணும், அந்தத் தேதியெல்லாம் சித்தப்பா போன்லயும் என் போன்லயும் போட்டு வச்சிருக்கோம்.