அடர்த்தி ‘சி’ என்று ரிப்போர்ட் வந்தால்: மமோகிராம் போதுமா, ஸ்கேனும் வேண்டுமா?

என் மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட்டில் “கட்டி எதுவும் தெரியவில்லை” என்பதற்குக் கீழே, மார்பகத் திசு அடர்த்தி ‘சி’ என்று இருந்தது. வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த பலரும் முதல் வரியோடு ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த இரண்டாவது வரியையும் கட்டாயம் படியுங்கள்.

அடர்த்தியை ஏ முதல் டி வரை பிரிக்கிறார்கள். ஏ என்றால் பெரும்பாலும் கொழுப்பு. சி, டி இரண்டும் அடர்த்தியான மார்பகம். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இப்படித்தான், இது நோய் அல்ல. தொட்டுப் பார்த்தும் தெரியாது. படத்தில் கொழுப்பு கறுப்பாக விழும், சுரப்பியும் நார்த்திசுவும் வெள்ளையாக விழும். புற்றுநோய்க் கட்டியும் வெள்ளைதான். பனிமூட்டத்துக்குள் வெள்ளைச் சேலையைத் தேடுவது போல ஆகிவிடுகிறது. போதாததற்கு, அடர்த்தி தன்னளவிலேயே புற்றுநோய் அபாயத்தை ஓரளவு கூட்டுகிறது.

ஏ, பி என்று வந்தவர்களுக்குப் பெரும்பாலும் மமோகிராம் மட்டும் போதும். 3டி மமோகிராம் திசுவை அடுக்கடுக்காகக் காட்டுவதால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைப்பது குறையும். ஆனால் அதுவும் எக்ஸ்ரே தான், டி வகைக்கு அதன் உதவி குறைவு.

கண்டுபிடிக்கும் திறனில் எம்.ஆர்.ஐ. தான் முன்னால் நிற்கிறது. டி வகைப் பெண்களை வைத்து நெதர்லாந்தில் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த மமோகிராமுக்கு முன்பே வெளிப்படும் புற்றுநோய் 1000 பேருக்கு 5 என்பதிலிருந்து, எம்.ஆர்.ஐ.க்கு அழைக்கப்பட்ட குழுவில் 2.5 ஆகக் குறைந்தது. ஆனால் நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும், செலவும் பெரிது. நான் அதை எடுத்ததில்லை. படித்ததையும் டொக்டர் சொன்னதையும் வைத்தே சொல்கிறேன்.

நான் தேர்ந்தெடுத்தது மமோகிராமோடு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஸ்கேனில் அடர்த்தியான திசு வெள்ளையாகத் தெரிய, கட்டி பெரும்பாலும் கறுப்பாகத் தனித்து நிற்கும். கதிர்வீச்சும் இல்லை. ஜப்பானில் நாற்பதுகளில் உள்ள 70,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், மமோகிராம் மட்டும் 77 சதவீதப் புற்றுநோய்களைப் பிடித்தது. ஸ்கேனும் சேர்ந்தபோது 91 சதவீதம். அதில் எல்லா அடர்த்திக்காரரும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீண் பயமும் கூடியது: புற்றுநோய் இல்லாத 100 பேரில் சுமார் 9 பேருக்குப் பதில் 12 பேர் மேல்பரிசோதனைக்குப் போக வேண்டி வந்தது. எனக்கும் ஒரு சின்ன நீர்க்கட்டி தெரிந்தது. டொக்டர் அந்த இடத்தில் கருவியை அழுத்திப் பிடித்து, திரையில் இரண்டு புள்ளி வைத்து அளந்து, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். அந்த ஆறு மாதமும் மனம் ஒரு நிலையில் இல்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது, வருடா வருடம் ஒப்பிட்டுப் பார்க்க முடிவதுதான். மமோகிராமில் முழு மார்பகமும் படமாக மிஞ்சும், பிறகு யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஸ்கேனில் மிஞ்சுவது, செய்தவர் நிறுத்திப் பதிந்த சில படங்கள் மட்டும். அவர் கை போகாத இடத்துக்குச் சாட்சி கிடையாது. அதனால் ஆள் முக்கியம். கொழும்பில் நாம் ஒரு வருடம் சலுகை கிடைத்த இடத்தில், அடுத்த வருடம் நேரம் கிடைத்த இடத்தில் என்று மாறி மாறி எடுக்கிறோம். ஸ்கேன் விஷயத்தில் அது சரிவராது. மார்பக ஸ்கேன் வழக்கமாகச் செய்யும் ஒரு ரேடியோலஜிஸ்டைப் பிடித்து, பழைய ரிப்போர்ட், பிலிம், சிடி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, ஒவ்வொரு முறையும் அவரிடமே கொண்டுபோங்கள். என் நீர்க்கட்டி வளரவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது பழைய அளவு கையில் இருந்ததால்தான்.

“அப்ப ஸ்கேன் மட்டும் எடுத்தால் போதாதா அக்கா?” என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. ஆரம்பநிலைப் புற்றுநோயின் அடையாளமாக வரக்கூடிய நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளை மமோகிராம்தான் தெளிவாகக் காட்டும்.

தாய்க்கோ சகோதரிக்கோ இளவயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் இந்த ஒப்பீட்டை நம்பி இருக்காமல், எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். கையில் கட்டி தட்டுப்பட்டால், ரிப்போர்ட் நல்லதாகவே வந்திருந்தாலும் உடனே காட்டுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு, உங்கள் பகுதியில் அரசு நடத்தும் சுகவனிதையர் (பெண்கள் நல) கிளினிக்கில் மார்பகப் பரிசோதனை இலவசம்.