மும்பை தாதாக்கள்: ஜைதியின் இரண்டு நூல்களில் எதை முதலில் வாங்கலாம்?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி ஃபவுண்டன் நடைபாதைப் புத்தகக் கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் இதைக் கேட்கிறான். பத்திரிகையாளர் எஸ். ஹுசைன் ஜைதி மும்பை நிழலுலகம் பற்றி எழுதிய இரண்டு ஆங்கில நூல்கள்: ஜேன் போர்ஜஸுடன் எழுதி 2011-இல் வந்த ‘மாஃபியா குயின்ஸ் ஆஃப் மும்பை’, 2012-இல் வந்த ‘டோங்ரி டு துபாய்’.

அளவு: டோங்ரி தடிமனான புத்தகம், அறுபது ஆண்டு வரலாறு. குயின்ஸ் சிறியது.

படிக்க: டோங்ரியில் பெயர்கள் குவியும். நாலு நாள் விட்டால் பழைய பக்கத்தைப் புரட்ட வேண்டும். குயின்ஸ் தனித்தனிக் கதைகள், லோக்கல் ரயிலுக்குத் தோது.

நம் ஊர்த் தொடர்பு: இதில் டோங்ரிதான். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த கடத்தல் தாதா ஹாஜி மஸ்தான், தூத்துக்குடியிலிருந்து வந்து வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கிய வரதராஜன் முதலியார் இருவரும் விரிவாக வருகிறார்கள். தாராவிப் பெரியவர்கள் ‘வரதாபாய்’ என்று மரியாதையோடு சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த மரியாதைக்குப் பின்னால் கள்ளச்சாராயமும் கடத்தலும் இருந்ததை நம் பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும்.

மனித முகம்: குயின்ஸ். சாராயம் விற்ற ஜேனாபாய், பாலியல் தொழில் நடந்த காமாட்டிபுராவின் கங்குபாய் என்று பெண்களின் வாழ்க்கை. கங்குபாய் பகுதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, நகரத்தின் நிழலுலகம் எப்படி வளர்ந்தது என்று தெரிய வேண்டுமா? டோங்ரி. வாசிப்பை இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்குக் குயின்ஸ். தம்பிக்கு அதைத்தான் சொன்னேன்.