“மூணு மாசத்துல கூகுள் முதல் பக்கம்” என்று வருபவர்களை நம்பாதீர்கள், எனக்கு ரூ. 96,500 போச்சு

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். ரூ. 96,500. எங்கள் வெப்சைட்டை கூகுளில் மேலே கொண்டு வருகிறேன் என்று சொன்ன ஒரு எஸ்இஓ கம்பெனிக்கு ஆறு மாதமாகக் கட்டிய பணம். இப்போது எங்கள் கடைப் பெயரை அப்படியே எழுத்துக்கு எழுத்து அடித்தால்கூட கூகுளில் எங்கள் சைட் வருவதில்லை. முந்தாநாள் ராத்திரிதான் முழு விஷயமும் தெரிந்தது, நேற்று அவர்கள் ஆபீசுக்கே போய் அசிங்கப்பட்டு வந்தேன், இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை, அதனால் கோர்வையாக இருக்காது. கம்பெனி பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். கோவையில் மூன்றாவது மாடியில் ஏசி ஆபீஸ், ரிசப்ஷனில் மீன் தொட்டி, பெயரில் எங்கேயோ ஒரு ‘டிஜிட்டல்’, அவ்வளவு போதும். இவர்களிடம் எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் சென்னிமலைக்காரர்கள். கைத்தறி பெட்ஷீட், துண்டு, கொஞ்சம் ஜமுக்காளம். அப்பா காலத்தில் ஈரோட்டுச் சந்தைக்கு மூட்டை கட்டிப் போன வியாபாரம். நான்கு வருடத்துக்கு முன்னால் பெங்களூரில் ஐடியில் இருக்கிற அக்கா மகன் லீவுக்கு வந்தபோது உட்கார்ந்து ஒரு சின்ன சைட் போட்டுக் கொடுத்தான். அழகு என்று ஒன்றும் கிடையாது, நானே ஃபோனில் எடுத்த படங்கள், விலை, வாட்ஸப் நம்பர். ஆனாலும் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கூகுளில் பார்த்தோம் என்று விலை கேட்பார்கள், அதில் நாலைந்து ஆர்டர் நிற்கும். அதோடு திருப்தியாக இருந்திருக்கலாம்.

மார்ச் மாதம் ஒரு மதியம் ஒரு தம்பி கடைக்கே வந்தார். வந்ததும் லேப்டாப்பைத் திறந்திருந்தால் நானும் உஷாராகியிருப்பேன். அவர் திறக்கவில்லை. அடுக்கில் இருந்த பெட்ஷீட் ஒன்றை எடுத்து, கரையை இரண்டு விரலால் நெருடிப் பார்த்து, “இது பவர்லூம் இல்லீங்ளே, கைத்தறிதானுங்களே” என்றார். அப்புறம் சொன்னார், “எங்கம்மாவும் தறிக்காரங்கதாங்ணா. பள்ளிக்கூடம் விட்டு வந்தா தார் சுத்திக் குடுத்துட்டுத்தான் வெளையாடவே போவேன்.” தார் சுற்றுவது (தறி நெய்யக் குழலில் நூல் சுற்றுவது) என்ற வார்த்தையை வெளியாள் ஒருவர் வாயில் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று. எனக்கு அங்கேயே பாதி மனசு போய்விட்டது. வீட்டுக்காரி காபி கொண்டுவந்து வைத்தாள். “சாமி, சாப்பாட்டு நேரம், சாப்பிட்டுட்டுப் போ” என்று அம்மா வேறு. சாப்பிட்டார்.

சாப்பிட்ட பிறகுதான் லேப்டாப். ஏதோ ஒரு மசாலாக் கடையைத் தேடிக் காட்டினார், முதல் இடத்தில் நின்றது. “இது நாம பண்ணுனதுங்ணா.” அவர் தேடினது அந்தக் கடையின் பெயரையும் சேர்த்துத்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. பெயரைச் சொல்லித் தேடினால் யார் கடைதான் முதலில் வராது? (சரி, என் கடை வராது.) மூன்று மாதத்தில் முதல் பக்கம், கியாரண்டி, வராவிட்டால் பணம் வாபஸ். ஆரம்பக் கட்டணம் 12,500, மாதம் 14,000. கையோடு ஜிபேயில் அனுப்பினேன். சைட்டின் பாஸ்வேர்ட் எல்லாம் கேட்டார், கொடுத்தேன். டொமைனை, அதாவது சைட்டோட முகவரியை, எங்க அக்கவுண்டுக்கு மாத்திக்கிட்டா வேலை சுளுவுங்ணா என்றார், ஓடிபி வந்தது, அதையும் படித்துச் சொன்னேன். நானேதான் சொன்னேன், யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை.

மாதா மாதம் நாற்பது பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப் வரும். எல்லாம் பச்சை அம்புக்குறி. சைட்டின் செல்வாக்குக்கான மார்க்காம், டிஏ (டொமைன் அத்தாரிட்டி), அது 4-ல் இருந்து 27 ஆகிவிட்டது என்று ஒரு பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில். அந்த டிஏ கூகுள் போடுகிற மார்க்கே இல்லையாம், மோஸ் என்ற வேறு ஒரு கம்பெனி தன் கணக்குக்குப் போடுகிற எண். எந்த வார்த்தையில் முதல் இடம் என்று பார்த்தால், ‘சென்னிமலை டபுள் காட் ரோஸ் கோடு போட்ட பெட்ஷீட் ஹோல்சேல்’. இதை உலகத்தில் ஒரு மனுசன் தேடுவானா? ஆர்டர் கொஞ்சமும் அதிகமாகவில்லை. கேட்டால், “இப்பத்தான் ஃபவுண்டேஷன் போட்டிருக்கோம்ணா, பில்டிங் இனிமேதான்.”

ஜூலையில் ஒரு ஃபோன் வந்தது, ஒரு அம்மா பேசினார். “நீங்க பெட்ஷீட் கடைங்களா? எங்கப்பா தவறினதைப் பத்தி நான் எழுதியிருக்கேன். அதுக்குக் கீழே வந்து ‘அருமையான பதிவு, மிக்க நன்றி, மொத்த விலையில் கைத்தறி பெட்ஷீட்’ என்று போட்டிருக்கீங்க. நீங்கள்லாம் மனுசங்களா?” எனக்கு ஒன்றும் புரியவில்லை, நாங்க போடலீங்கம்மா என்றேன். கடைப் பேரும் லிங்க்கும் உங்களதுதானே என்றார். கம்பெனியில் கேட்டபோது, “அதெல்லாம் போட்டி யாராச்சும் பண்ணுவாங்ணா, நெகட்டிவ் எஸ்இஓன்னு பேரு, நாங்க பாத்துக்கறோம்” என்றார்கள். நம்பினேன். அந்த அம்மாவுக்குத் திரும்பக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை, பணம் போனதைவிட இது இப்போது அதிகமாகக் குத்துகிறது.

ஆகஸ்டு பாதியில் இருந்து வாட்ஸப் அடங்கிப் போனது. செப்டம்பரில் சுத்தமாக இல்லை. தீபாவளிச் சீசன்! கம்பெனியில் கேட்டால், “கூகுள் அப்டேட் விட்டிருக்காங்ணா, எல்லாருக்குமே அடி.” பத்து நாள் கழித்துக் கேட்டால், “டெக்னிக்கல் டீம் பாத்துட்டு இருக்காங்க.” அதற்கப்புறம், “அந்தத் தம்பி இப்ப வேலைல இல்லைங்க, நீங்க மெயில் போடுங்க.” மெயில் போட்டால், உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது என்று ஒரு டிக்கெட் நம்பர். என்னிடம் இப்போது ஐந்து டிக்கெட் நம்பர் இருக்கிறது, பஸ்ஸில் கொடுத்தால் அரை டிக்கெட்டாவது தருவானா தெரியவில்லை.

ஆயுத பூஜை லீவுக்கு அக்கா மகன் வந்தான். “மாமா, சைட்டை ஒரு தடவை பார்க்கட்டுமா” என்று திண்ணையில் உட்கார்ந்தான். எங்கள் முதல் பக்கத்தின் அடியில் வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் மவுஸை அழுத்தி இழுத்தான். நீலமாக விரிந்தது, அதற்குள் எழுத்து! வெள்ளையில் வெள்ளையாக எழுதி வைத்திருக்கிறார்கள். பெட்ஷீட் பெட்ஷீட் விலை பெட்ஷீட் ஹோல்சேல் என்று இருபது முப்பது வரி, அதற்கும் கீழே ஒரு போர்வெல் கம்பெனி, ஒரு வட்டிக்கடை, ஒரு ரம்மி ஆட்டத்துக்கு லிங்க். அவர்களும் இதே கம்பெனிக்குப் பணம் கட்டுகிறவர்களாக இருக்கும் என்றான். பூஜை போட்டுப் பொட்டு வைத்த என் கடைக்குள் கண்டவன் குப்பையைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான், அதற்கு நானே மாதம் 14,000 வாடகையும் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் ஊருக்கு ஒரு பக்கம். 140 பக்கம் இருக்கும், எல்லாம் ஒரே சரக்கு, ஊர்ப் பெயர் மட்டும் வேறு. நாகப்பட்டினத்துக்கு எழுதினதையே எல்லா ஊருக்கும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் போல, ‘கடற்கரை நகரமான ஊட்டி மக்களுக்கு ஏற்ற’ என்று ஒன்று. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் ஒரு சின்ன ஃபைலை சைட்டில் ஏற்றி, சர்ச் கன்சோல் என்று ஒன்றைத் திறந்தான். கூகுளே இலவசமாகக் கொடுப்பது, இத்தனை வருடம் எனக்கு அது இருப்பதே தெரியாது. அதில் எங்கள் சைட்டுக்கு லிங்க் கொடுத்திருக்கும் இடங்களின் பட்டியல்: சூதாட்டம், மாத்திரை விற்பது, ரஷ்ய மொழியில் என்னென்னவோ. மேலே ஒரு அறிவிப்பு. செயற்கையான லிங்க், மறைத்து வைத்த எழுத்து, அதனால் நடவடிக்கை. கம்ப்யூட்டர் தானாகத் தள்ளியது இல்லையாம், கூகுளில் ஒரு ஆள் பார்த்து எடுத்த முடிவு. தேதி ஆகஸ்ட் 9. கம்பெனிக்காரர்கள் சைட்டை அங்கே தங்கள் மெயிலில்தான் பதிந்து வைத்திருந்தார்கள், அதனால் தகவல் அவர்களுக்கு அன்றைக்கே போயிருக்கும். என் ஜிபேயைத் திறந்து பார்த்தேன். ஆறாவது மாதப் பணம் 14,000 நான் அனுப்பியது ஆகஸ்ட் 12. வாங்கிக்கொண்டு ‘தேங்க்யூ அண்ணா’ என்று கும்பிடு வேறு போட்டிருக்கிறார்கள்.

ஏன்டா லிங்க்குக்கு இப்படி அலைகிறார்கள் என்று கேட்டேன். கூகுளை ஆரம்பித்த லாரி பேஜும் செர்கே பிரினும் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது கண்டுபிடித்து 1998-ல் வெளியிட்ட கணக்கு அது என்றான். ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் லிங்க் கொடுத்தால் சிபாரிசு மாதிரி, பெரிய இடத்துச் சிபாரிசுக்கு மதிப்பு கூட. சிபாரிசுக்கு மதிப்பு என்றதும் போலிச் சிபாரிசு விற்கக் கடை போட்டுவிட்டார்கள். 2005-லேயே கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்று பேரும் கமெண்டில் போடும் லிங்க் கணக்கில் வராமல் இருக்க ஒரு குறி கொண்டுவந்தார்கள், 2012 ஏப்ரலில் பென்குயின் என்று ஒரு அப்டேட் இந்தக் காசு லிங்க்குகளைக் குறிவைத்தே வந்தது. 2006-ல் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் சைட்டையே கூகுள் கொஞ்ச நாள் தூக்கி வெளியே வைத்தது, 2011-ல் அமெரிக்காவில் ஜேசி பென்னி என்ற பெரிய கடைக் கம்பெனியை லிங்க் விஷயத்துக்காகக் கீழே தள்ளியது. “அவங்களுக்கே அந்தக் கதி மாமா, நாம எந்த மூலைக்கு?” அதாவது 2005-லேயே செத்துப்போன வித்தையை எனக்கு மாதம் 14,000-க்கு விற்றிருக்கிறார்கள், அதுவும் ஒரு பெண் அப்பாவுக்கு அழுத இடத்தில் போய்.

நேற்று கோவை போனேன். இரண்டு மணி நேரம் மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றாள் ரிசப்ஷனில் இருந்த பெண், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பிரியாணிப் பொட்டலம் பிரிப்பது எனக்குத் தெரிகிறது. கடைசியில் வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல், “பெனால்டி ரிமூவல்னு தனிப் பேக்கேஜ் இருக்குங்க சார், 35,000. பழைய கஸ்டமர்ங்கறதால 30 பண்ணிக்கலாம்” என்றார். வைத்தவனே எடுப்பதற்குக் கூலி! பணம் வாபஸ் என்றீர்களே என்றால், ரேங்க் வந்துச்சே சார், ரிப்போர்ட்ல இருக்கே என்கிறார். ரோஸ் கோடு. டொமைனையாவது திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, அக்கவுண்ட்ஸில் கிளியரன்ஸ் வேண்டுமாம்.

ஒரு பெட்ஷீட்டில் எனக்கு நிற்பது தொண்ணூறு ரூபாய். ரூ. 96,500-ஐ வகுத்துப் பார்த்தால் ஆயிரத்து எழுபது பெட்ஷீட். இன்று காலையில் 1915 நுகர்வோர் எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். அக்கா மகன் அந்த 140 பக்கத்தையும் வெள்ளை எழுத்தையும் அழித்துவிட்டான், லிங்க்குகளை ஏற்க வேண்டாம் என்று கூகுளுக்குப் பட்டியல் தயார் செய்துகொண்டிருக்கிறான், அப்புறம் மறுபரிசீலனை மனு போட வேண்டும். தீபாவளிக்குள் நடக்காது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், ஆர்டர் இல்லாவிட்டாலும் பாவு பிணைக்க (தறியில் புது நூலைப் பழைய நூலோடு சேர்க்க) ஆள் வந்து நிற்கிறார், அதனால் சுருக்கமாக. முதல் இடம் கியாரண்டி என்று யார் சொன்னாலும் எழுப்பி அனுப்பிவிடுங்கள், அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும், ஓடிபியைச் சொல்லாதீர்கள். சர்ச் கன்சோலை நீங்களே திறந்து வாரம் ஒரு தடவை பாருங்கள். எந்தெந்த இடத்தில் லிங்க் போட்டீர்கள் என்று மாதா மாதம் பட்டியல் கேளுங்கள், தரமாட்டேன் என்றால் அன்றோடு நிறுத்துங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், என்னிடம் பில் கிடையாது, ஜிபே ஸ்கிரீன்ஷாட் ஏழுதான் இருக்கிறது.

ஜூலையில் ஃபோன் செய்த அம்மா இதைப் படித்தால், அந்தக் கமெண்டை நான் போடவில்லை, ஆனால் போட்டவனுக்குக் காசு கொடுத்தது நான்தான், மன்னித்துவிடுங்கள். உங்கள் நம்பரை சேவ் பண்ணி வைக்கவில்லை, பழைய கால் லிஸ்டில் தேடிக்கொண்டிருக்கிறேன்.