எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் வண்டியில பின் பேட் மாத்த நாலு வழி: எது தேறும், எது தேறாது

பழைய லீவர் ஹேண்ட் பிரேக் வண்டின்னா பின் பேட் மாத்துறது ஒரு விஷயமே இல்ல. லீவரை இறக்கி விட்டு, கேலிப்பரை (பேட்டை டிஸ்க் மேல அமுக்குற கவ்வியை) கழட்டி, பிஸ்டனைத் திருகித் திருகி உள்ள தள்ளி, புது பேட்டை வெச்சா வேலை முடிஞ்சுது. லீவர் போய் அந்த இடத்துல ஒரு குட்டி ஸ்விட்ச் வந்ததும்தான் எல்லாருக்கும் கை நடுங்க ஆரம்பிச்சுது. "ஸ்கேனர் (வண்டியோட கம்ப்யூட்டர்கிட்ட பேசுற கருவி) இல்லாம கிட்டயே போகாத"ன்னு ஒரு கோஷ்டி, "அட போப்பா, ரெண்டு போல்ட்டு கழட்டினா ஆச்சு"ன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு. வழி மொத்தம் நாலு: வண்டியிலயே இருக்குற சர்வீஸ் மோடு, ஸ்கேனர், மோட்டாரைக் கழட்டிக் கையால திருப்புறது, மோட்டாருக்கு நேரடியா 12 வோல்ட் கொடுக்குறது. பொதுவா எல்லாரும் இதுல எது பார்க்கிங் பிரேக்கை ஈஸியா திறந்து பிஸ்டனுக்கு வழி விடும்னுதான் பேசிட்டு இருக்காங்க, ஆனா நாலுமே திறக்கத்தான் போகுது. பேட் போட்டு முடிச்சப்புறம் திரும்ப மூடுறது யாரு, மூடியாச்சுன்னு வண்டியோட கம்ப்யூட்டருக்குத் தெரியுமா தெரியாதா, என் கணக்குல ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

அதுக்கு முன்னாடி உங்க வண்டியில எந்த வகைன்னு பாத்துக்கோங்க, ஏன்னா எல்லா எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கும் ஒண்ணு இல்ல. பின் சக்கரத்தைக் கழட்டிட்டு கேலிப்பருக்குப் பின்னாடி எட்டிப் பாருங்க. அங்க கறுப்பு பிளாஸ்டிக் டப்பா மாதிரி ஒண்ணும் அதுல ஒரு சின்ன கனெக்டரும் இருந்தா மோட்டார் கேலிப்பர் மேலயே உக்காந்திருக்குன்னு அர்த்தம், இப்போ பெரும்பாலான வண்டி இப்படித்தான், 2005ல வந்த ஃபோக்ஸ்வாகன் பஸாட்லயே இதுதான் இருந்துச்சு. இன்னொரு வகையில ஒரே ஒரு மோட்டார் வண்டிக்கு அடியில எங்கயாவது உக்காந்துக்கிட்டு பழைய மாதிரியே கேபிளை இழுக்கும். லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 அப்படி, அதுல பார்க்கிங் பிரேக்குக்குன்னு டிஸ்க்குக்கு உள்ள தனியா டிரம் ஷூ இருக்கும், அதனால பேட் மட்டும் மாத்தணும்னா மோட்டாரைப் பத்தி யோசிக்கவே வேணாம், பிஸ்டனைத் தள்ளிட்டுப் போய்ட்டே இருக்கலாம். ரெனோ சீனிக் ரெண்டாம் தலைமுறையும் கேபிள் வகைதான், ஆனா அதுல கேபிள் கேலிப்பரையே இழுக்கும், பிஸ்டனைப் பழைய மாதிரி திருகித்தான் உள்ள அனுப்பணும். இனிமே சொல்லப் போறதெல்லாம் கேலிப்பர் மேல மோட்டார் இருக்குற வகைக்கு மட்டும்தான்.

இந்த வகையில உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுட்டா பாதி பயம் போயிடும். பிஸ்டன் உள்ள காலியா ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும், அதுக்குள்ள மரை போட்ட ஒரு ஸ்பிண்டில் (தண்டு), அது மேல ஒரு நட். மோட்டார் சுத்தினா பல் சக்கரம் வழியா வேகம் குறைஞ்சு, பலம் கூடி, ஸ்பிண்டில் சுத்தும், நட் முன்னாடி நகர்ந்து பிஸ்டனை உள்ளிருந்து தள்ளும், பேட் டிஸ்க்கைக் கவ்வும். ஸ்விட்சை ரிலீஸ் பண்ணினா நட் கொஞ்சூண்டு மட்டும் பின்னாடி வரும், முழுசா வராது. பேட் தேயத் தேய பிஸ்டன் முன்னாடி வந்துக்கிட்டே இருக்கும், நட்டும் அது கூடவே வந்திருக்கும். இப்போ சி-கிளாம்ப் (திருகி அமுக்குற இறுக்கி) போட்டு பிஸ்டனைத் தள்ளினா என்ன ஆகும்? கதவுக்குப் பின்னாடி ஒருத்தர் முதுகைக் கொடுத்து நிக்கிறப்போ கதவைத் தள்ளுற கதைதான். கதவு நகராது, இன்னும் பலம் போட்டா ஸ்பிண்டிலோ பல் சக்கரமோ போயிடும், அப்புறம் புது கேலிப்பர்தான். நாலு வழியும் செய்யிற வேலை ஒண்ணுதான், பின்னாடி நிக்கிற அந்த ஆளை விலக்குறது. அவர் விலகிட்டார்னா பிஸ்டன் பழைய வண்டி மாதிரி திருகல் கூட கேக்காது, பெரும்பாலான வண்டியில நேரா தள்ளினாலே போயிடும்.

முதல்ல வண்டியோட சொந்த சர்வீஸ் மோடு. உங்க வண்டியில இது இருந்தா மத்த மூணையும் மறந்துடுங்க, நான் அவ்வளவு தீர்மானமா சொல்வேன். ஃபோர்டு, மாஸ்டா மாடல் பலதுல ஆக்சிலரேட்டரை முழுசா அமுக்கிக்கிட்டு பார்க்கிங் பிரேக் ஸ்விட்சைக் கீழ அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இக்னிஷனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா உள்ள போயிடும். ஹோண்டா, டொயோட்டாலயும் சில மாடல்ல இந்த மாதிரி பெடலையும் ஸ்விட்சையும் சேத்து ஒரு வரிசை உண்டு. டெஸ்லால திரையிலயே சர்வீஸ் மோடு இருக்கு. சரியா உள்ள போயிடுச்சுன்னா பின்னாடி ரெண்டு பக்கமும் "ஸ்ஸ்ஸ்வ்வ்"னு மோட்டார் வழக்கத்தை விட நீளமா ஓடுற சத்தம் கேக்கும், டேஷ்போர்டுல பிரேக் விளக்கு எரியும் இல்லன்னா மினுக்கும். சாதாரண ரிலீஸ் சத்தம் குட்டியா முடிஞ்சுடும், இது இழுத்துக்கிட்டே போகும், அந்த வித்தியாசத்தைக் காதுல வாங்கிக்கோங்க. இதுல பெரிய லாபம் என்னன்னா திறந்ததும் கம்ப்யூட்டர்தான் மூடப்போறதும் கம்ப்யூட்டர்தான், நடுவுல ஸ்விட்ச் பட்டாலும் அது அசையாது. குறைன்னா வரிசை மாடலுக்கு மாடல், சில சமயம் வருஷத்துக்கு வருஷம் மாறும், உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல இருக்குறதை மட்டும் செய்யுங்க, எவனோ எதுக்கோ போட்ட வீடியோவைப் பாத்து பெடல்ல டான்ஸ் ஆடாதீங்க.

அடுத்தது ஸ்கேனர். ஃபோக்ஸ்வாகன் குடும்பம் மாதிரி சொந்த வரிசை இல்லாத வண்டிக்கு இதுதான் நேர் வழி. விசிடிஎஸ், ஓபிடிலெவன் மாதிரி அந்தக் குடும்பத்துக்குன்னே இருக்குறது ஒண்ணு, ஃபோர்டுன்னா ஃபோர்ஸ்கேன், எல்லா வண்டிக்கும் பொதுவான கைக்கருவிகள் தனி. இங்க எல்லாரும் மாட்டிக்கிற இடம் எதுன்னா, ஓபிடி போர்ட்டுல (வண்டியில ஸ்கேனர் சொருகுற இடம்) மாட்டுற எல்லாமே இதைச் செய்யாது. செக் இன்ஜின் விளக்கோட எர்ரரைப் படிக்கிற சின்ன ரீடர் இன்ஜின் கூட மட்டும்தான் பேசும், பார்க்கிங் பிரேக்கோட கம்ப்யூட்டரான மாட்யூல் கூட பேசவே தெரியாது. பின் பிரேக் சர்வீஸ்னு கருவியோட விவரத்துல தெளிவா போட்டிருக்கணும், உங்க மாடலும் வருஷமும் அதோட லிஸ்ட்ல இருக்கணும், வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. 2018 வாக்குல இருந்து வந்த ஃபியட், ஜீப் வண்டிகள்ல கேட்வேன்னு ஒரு பூட்டு வேற போட்டிருக்காங்க, படிக்க விடும், உத்தரவு போட விடாது, அதைத் திறக்க அனுமதி வாங்கின கருவி வேணும். இதெல்லாம் தாண்டிட்டா மெனுவுல பேட் மாத்தும் நிலைன்னு ஒரு பட்டன், முடிஞ்சதும் மூடும் பட்டன், கடைசியா பிரேக்கோட நிலையைக் கம்ப்யூட்டர் திரும்பக் கத்துக்குற ஒரு அளவீடு, அவ்வளவுதான். மூடுற விஷயத்துல சொந்த மோடுக்குச் சமம், சொல்லப்போனா ஒரு படி மேல, ஏன்னா ஏதாவது எர்ரர் விழுந்தா அதே கருவியில படிச்சு அழிச்சுக்கலாம். ஒரே ஒரு தடவைக்காகக் காசு போட மனசு வராதுதான், ஆனா டிஸ்க், பேட் எல்லாம் மறுபடி மறுபடி வர்ற செலவு, அதுவும் வீட்டுல ரெண்டு வண்டி இருந்தா யோசிக்கவே வேணாம்.

மூணாவது, "ரெண்டு போல்ட்டு" கோஷ்டியோட வழி. ஸ்விட்சுல முதல்ல பிரேக்கை ரிலீஸ் பண்ணிட்டு, இக்னிஷனை ஆஃப் பண்ணிட்டு, கனெக்டரை உருவிட்டு, மோட்டாரைப் பிடிச்சிருக்குற ரெண்டு போல்ட்டைக் கழட்டினா டப்பா கையோட வந்துடும். அது இருந்த இடத்துல ஸ்பிண்டிலோட பின் முனை நட்சத்திர வடிவத்துல எட்டிப் பாக்கும், அதைப் பொருத்தமான டார்க்ஸ் சாக்கெட் போட்டு மெதுவா திருப்பணும். பிஸ்டன் வெளிய வர ஆரம்பிச்சா தப்பான பக்கம். சரியான பக்கம்னா லேசா, சொகுசா சுத்திக்கிட்டே வந்து ஒரு இடத்துல கொஞ்சம் இறுகும், இறுகினதும் நிறுத்திடணும், இன்னும் ஒரு கால் சுத்து பாக்கலாம்னு முறுக்கினா நட் பின்னாடி போய்ச் சிக்கிக்கும், அப்புறம் மோட்டாரால அதை எடுக்க முடியாம போறதும் உண்டு. இந்த வழியில எனக்குப் பிடிச்சது, எல்லாம் கையில தெரியுது, எந்த மின்சாரமும் கிடையாது, விரல் நசுங்குற பயம் இல்ல. பிடிக்காதது அந்தப் போல்ட்டுங்கதான். அது சஸ்பென்ஷன் பக்கமா உள்ள திரும்பி இருக்கும், சின்ன டார்க்ஸ் தலை, மண்ணும் துருவும் ஏறியிருக்கும், சாக்கெட் நேரா உக்காரலன்னா ஒரே முறுக்குல தலை வழுக்கிடும். பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணிட்டு, துரு இளக்குற எண்ணெய் ஊத்திக் கொஞ்ச நேரம் விட்டுட்டுத்தான் தொடணும். டப்பாவுக்கும் கேலிப்பருக்கும் நடுவுல ஒரு ஓ-ரிங் இருக்கும், அது கிழிஞ்சா தண்ணி உள்ள போய் மோட்டார் சாகும், புதுசு போடுறது நல்லது.

சரி, இதுல மூடுறது யாரு? யாருமே இல்ல. நட் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு ஒரு பழைய கணக்குதான் தெரியும், நீங்க பின்னாடி நகர்த்தினது அதுக்குத் தெரியாது. நல்லவேளையா இந்த சிஸ்டம் பலதும் எவ்வளவு தூரம் போச்சுன்னு பாக்காம மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பாத்துத்தான் நிறுத்துது. பேட் டிஸ்க்கைக் கவ்வினதும் கரண்ட் ஏறும், போதும்னு நிறுத்திக்கும், ரிலீஸ் பண்றப்போ அங்க இருந்து கணக்குப் போட்டுப் பின்னாடி வரும். அதனால நிறைய வண்டியில ஸ்விட்சை நாலஞ்சு தடவை போட்டு எடுத்தா தானா சரியாயிடும். சில வண்டி மட்டும் "என்ன இது, மோட்டார் இவ்வளவு நேரம் ஓடுது"ன்னு சந்தேகப்பட்டு எர்ரர் போட்டு நின்னுடும், அப்போ கடைசியில ஸ்கேனர் வெச்சிருக்குற ஆளைத்தான் தேடிப் போகணும். அதனாலதான் இதை எப்பவும் ரெண்டாவது சாய்ஸா வெச்சிருக்கேன், முதலாவதா இல்ல.

நாலாவது, கனெக்டரை உருவிட்டு மோட்டாரோட ரெண்டு பின்னுக்கும் வெளி பேட்டரில இருந்து 12 வோல்ட் கொடுக்குறது. ஒரு பக்கம் கொடுத்தா கவ்வும், பிளஸ் மைனஸ் மாத்திக் கொடுத்தா விடும். நெட்ல இதுதான் பயங்கர ஃபேமஸ், எனக்கு இதுல ஒரு துளி கூட இஷ்டம் இல்ல. வண்டியோட கம்ப்யூட்டர் கரண்டைப் பாத்து நிறுத்துற வேலையை இங்க உங்க காதும் கையும் செய்யணும். நட் கடைசிக்கு வந்து முட்டினதும் மோட்டார் சத்தம் தடிச்சு முக்க ஆரம்பிக்கும், அந்த நொடி ஒயரை எடுக்கலன்னா மூணாவது வழியில சொன்ன அதே சிக்கல், ஆனா இந்தத் தடவை மோட்டார் பலத்தோட. போலாரிட்டி மாறிப்போய் கேலிப்பர் டிஸ்க்குல இல்லாத நேரத்துல கொடுத்துட்டா பிஸ்டன் வெளிய வந்து பிரேக் ஆயில் எல்லாம் தரையில. ஒயரைத் தெரியாம வண்டிப் பக்கத்து கனெக்டர்ல வெச்சுட்டா மாட்யூலுக்கே ஆபத்து. எர்ரர் விஷயத்துல மூணாவது வழி மாதிரியேதான், அதை விட ஒரு சௌகரியமும் கூடுதலா இல்ல, போல்ட்டைக் கழட்டுற வேலை மிச்சம்ங்கிறதைத் தவிர. போல்ட்டுத் தலை போய், ஸ்கேனரும் இல்லாம, வண்டி ஸ்டாண்டுல நிக்குதுங்கிற நிலைமையில மட்டும், நடுவுல ஒரு ஃபியூஸ் போட்டு, தொட்டுத் தொட்டு எடுக்கலாம்.

எந்த வழியா இருந்தாலும் சில விஷயம் பொது. பேட்டரி வீக்கா இருந்தா சர்வீஸ் மோடு பாதியில நின்னு வம்பாயிடும், சார்ஜர் மாட்டிக்கோங்க. இந்த பிரேக்குக்குத் தானா கவ்வுற பழக்கம் உண்டு, சில வண்டி இக்னிஷன் ஆஃப் ஆனாலே போடும், சிலது சூடான டிஸ்க் ஆறிச் சுருங்கினதும் கொஞ்ச நேரம் கழிச்சுத் தானா திரும்ப இறுக்கும். அதனால முதல் ரெண்டு வழியில மோடுக்குள்ள போயாச்சான்னு உறுதி பண்ணாம கேலிப்பருக்குள்ள விரலை விடாதீங்க. டொயோட்டா ஹைபிரிட்ல கதவைத் திறந்தாலே பிரேக் பிரஷர் ஏத்துற வேலை நடக்கும், அதுல வேலை செய்யிறப்போ கதவு, சாவி ரெண்டும் உங்க கண்ட்ரோல்ல இருக்கணும்.

இன்னொண்ணு, இதை யாரும் யோசிக்கிறதே இல்ல. பார்க்கிங் பிரேக்கை முழுசா விட்டாச்சு, பின் சக்கரம் ரெண்டும் மேல. முன் சக்கர டிரைவ் வண்டின்னா கியர்லயோ, ஆட்டோமேட்டிக்ல பி-லயோ (பார்க்) போட்டா முன் சக்கரம் பிடிச்சுக்கும். பின் சக்கர டிரைவ்னா பி பூட்டுறது அந்தரத்துல இருக்குற சக்கரத்தைத்தான், தரையில நிக்கிற முன் சக்கரத்தைப் பிடிக்க நீங்க வெக்கிற கட்டையைத் தவிர எதுவுமே கிடையாது. ரெண்டு பக்கமும் நல்ல கட்டை, சமதரை, ஜாக்கி மட்டும் பத்தாது, ஸ்டாண்டு கட்டாயம். கழட்டின கேலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸ்ல தொங்க விடாதீங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, இதுல கூடவே மோட்டார் ஒயரும் வருது, அதுவும் இழுபடும்.

பேட் போட்டு முடிஞ்சதும் வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல பிரேக் பெடலை மெதுவா, கெட்டியாகுற வரைக்கும் பம்ப் பண்ணுங்க, ரிசர்வாயர்ல ஆயில் அளவு பாருங்க, அதுக்கப்புறம்தான் மூடுறது, ஸ்விட்ச் எல்லாம். பெடலை மிதிக்காம நேரா ஸ்விட்சைப் போட்டா பிஸ்டன் உள்ள ஒளிஞ்சிருக்கும், நட் அதைத் தேடிக்கிட்டு ரொம்ப தூரம் ஓடும், கம்ப்யூட்டர் எர்ரர் போட்டுடும். அப்படி எர்ரர் வந்து, வழி தப்புன்னு திட்டிக்கிட்டு இருக்குறவங்க பலர் மிதிக்காம விட்டது இந்தப் பெடலைத்தான்.

கீழ இறக்கினப்புறம் கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டிட்டு வந்து பின் சக்கரம் ரெண்டுக்கும் கிட்ட, தொடாம, கையைக் கொண்டு போய்ப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா அந்தப் பக்கம் நட் சரியா பின்வாங்கல, இல்லன்னா கேலிப்பர் வழுக்கி நகர்ற ஸ்லைடு பின் காஞ்சு போய்ப் பிடிச்சிருக்கு. பின்னைக் கழட்டிச் சுத்தம் பண்ணி சிலிகான் கிரீஸ் போட்டும் அதே அனல்னா ஸ்கேனர் வெச்சு அந்தப் பக்கத்து மோட்டாரை ஒரு தடவை முழுசா திறந்து மூடிப் பாத்துடுங்க.